கம்பளத்தில் சிந்திய காப்பி

ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் இவ்வூரின் சிமெண்டுத் தரைமேல் வெறுங்காலை வைத்தவர்களுக்கு, வீட்டில் கம்பளம் எதற்கு என்னும் ஐயம் எழாது. சமவெளியில் அது ஆடம்பரம். இங்கோ அரைத் தேவை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகிப் பல மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறியபோது, கூடத்தில் கோரைப் பாயோ பவானி ஜமக்காளமோ விரித்திருப்பார்கள். ஜமக்காளம் பருத்தி நூலால் ஆனது. காப்பி சிந்தினால் சுருட்டிக் கொண்டுபோய்த் துவைகல்லில் அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிடலாம். அதற்கும் முன்பு இப்பகுதியின் ஆட்டிடையர்கள் நெய்த கருங்கம்பளி இருந்தது. அதில் எது சிந்தினாலும் தெரியாது. இன்று தவணையில் வாங்கியதும், பெங்களூரில் வாங்கியதும், வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் சுமந்து வந்ததுமான கம்பளங்கள் பல இல்லங்களின் வரவேற்பறையில் கிடக்கின்றன. அவற்றைத் துவைகல்லுக்குக் கொண்டுபோக முடியாது. கறை போக்கும் தொல்லை இங்குதான் தொடங்குகிறது.

வீடு மந்திரிக்கவும் நோயுற்றோரைக் காணவும் பல இல்லங்களுக்குச் சென்று வரும் நமக்கு ஓர் அடையாளம் பழகிப்போயிற்று. வரவேற்பறையின் சிறுமேசை நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால், அதன் கால்களுக்கிடையே ஒரு கறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். கேட்டால் வீட்டார் சிரிப்பார்கள். எல்லா வீட்டிலும் அது சிரிப்போடு முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ட இல்லம் ஒன்று. குடும்பத் தலைவர் குவைத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவர். ஊர் திரும்பியபோது ஆட்டு உரோமத்தால் நெய்த கம்பளம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தாராம். அடர் சிவப்பும் பாலேட்டு நிறமும் கலந்தது. அவர் இறந்த பின்னர் அவருடைய மனைவி அதை அன்றாடம் விரிப்பதில்லை. பெருவிழாக்களின்போது மட்டுமே விரிப்பார். மகனுக்கு மணமாயிற்று. மருமகள் கிருஷ்ணகிரிக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பெண். மணமானபின் வந்த முதற் கிறிஸ்துமஸ் அன்று பிறந்த வீட்டார் அவளைக் காண வந்திருந்தனர். அவளுடைய அக்காள் குழந்தை கை தட்டிவிட்டதில் ஒரு டம்ளர் பாற்காப்பி முழுவதும் கம்பளத்தில் கவிழ்ந்தது. மாமியார் அவ்வேளையில் ஒரு துக்க வீட்டுக்குச் சென்றிருந்தார்.

மாமியார் திரும்புவதற்குள் கறையைப் போக்கிவிட வேண்டும் என்பது ஒன்றே அப்பெண்ணின் எண்ணம். கொதிநீர் ஊற்றினாள். துணிச் சோப்பைத் தேய்த்தாள். தேங்காய் நார்ப் பிரஷால் அழுத்தித் துலக்கினாள். உள்ளங்கை அளவாயிருந்த கறை தட்டளவு விரிந்தது. மேசையை நகர்த்தி மறைத்துவிட்டு, எல்லாரும் உறங்கியபின் குளியலறையிலிருந்த பிளீச்சிங் திரவத்தைக் கொணர்ந்து ஊற்றினாள். காலையில் அவ்விடம் மஞ்சள் பாரித்து, தொட்ட விரலோடு உரோமம் உதிர்ந்து வந்தது.

வீடு மந்திரிக்க நாம் சென்றபோது மூன்று வாரங்கள் கடந்திருந்தன. மாமியாரும் மருமகளும் அந்த மூன்று வாரமும் பேசிக்கொள்ளவில்லை. “சாமி, அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. அதையும் இவள் தொலைத்துவிட்டாள்” என்றார் அந்த அம்மா. மருமகள் சமையலறை வாயிலைத் தாண்டி வரவில்லை.

நம்முடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் ஆலையொன்றின் சாயப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் குனிந்து அவ்விடத்தைத் தடவிப் பார்த்தார். உதிர்ந்த உரோமத்தை விரலால் நசுக்கினார். “அம்மா, இது காப்பி செய்த வேலையில்லை. ஆட்டு உரோமத்தில் பிளீச்சிங் பட்டால் கரைந்தே போகும். இவ்வளவு மிஞ்சியதே அதிசயம். காப்பியை அப்படியே விட்டிருந்தாலும், நீங்கள் வந்தபிறகு இருவருமாகச் சேர்ந்து எடுத்திருக்கலாம்” என்றார். “நான் வருவதற்குள் எடுத்தாக வேண்டுமென்று இவளிடம் யார் சொன்னது?” என்று அந்த அம்மா கேட்டார். எவரும் மறுமொழி கூறவில்லை. சற்று நேரங்கழித்து மருமகள், “அத்தை, உங்களுக்குப் பயந்துதான்” என்றாள். அந்த அம்மா நெடுநேரம் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் நமக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்; கம்பளத்தைச் சுருட்டச் சொல்லவில்லை. அன்று அவ்வளவுதான் நடந்தது. பின்னர்ப் பெரியவர் கம்பளி நூலுக்குச் சாயமேற்றிக் கொடுக்க, இரு பெண்களுமாக அமர்ந்து அவ்விடத்தை ஊசியால் நிரப்பினர். நிறம் முழுவதும் பொருந்தவில்லை. சற்று வெளிறியே இருக்கிறது.

அப்பெரியவரிடம் பின்னர்ப் பல மாலைகளில் நாம் கேட்டறிந்தவற்றையும், நூல்களில் படித்தறிந்தவற்றையும் இனிக் கூறுகிறோம். இறையியல் கற்ற குரு கறையியலும் கற்க வேண்டுமோ என்று நம் உடன்குரு ஒருவர் எள்ளியதுண்டு, எனினும் எழுதுகிறோம்.

முதலில் அறிய வேண்டியது கம்பளத்தின் இழை எது என்பது. பெரியவர் காட்டிய சோதனை எளிது. ஓரத்திலிருந்து ஓரிழையைப் பிடுங்கி, இடுக்கியால் பற்றி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தீயில் காட்ட வேண்டும். முடி கருகும் நாற்றமெழுந்து, நசுக்கினால் பொடியாகும் கரி மிஞ்சினால் அது ஆட்டு உரோமம். காகிதம் எரியும் மணம் வந்தால் பருத்தி அல்லது சணல். உருகிக் கெட்டியான மணியாய்த் திரண்டால் செயற்கை இழை. செயற்கை இழையிலும் இருவகை நம் வீடுகளில் மிகுதி. இழையைச் சோப்பு கலந்த நீரில் அமிழ்த்தி விடுங்கள். மிதந்தெழுந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் பெரும்பாலும் நைலான். விலை குறைந்த எந்திரக் கம்பளங்களிற் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீனே. அதில் நிறத்தை இழை உருவாகும்போதே உருக்கிய குழம்பில் கலந்துவிடுகின்றனர். ஆதலால் வெளியிலிருந்து வரும் நிறம் எளிதில் உட்புகாது. காப்பி சிந்திய ஏழை வீட்டுக் கம்பளம் துலங்கிவிட, செல்வர் வீட்டுக் கம்பளி கறைபட்டே நிற்கும் விந்தைக்கு இதுவே காரணம். ஆயினும் பாலிப்ரொப்பிலீன் எண்ணெய்ப் பிசுக்கை விடாது பற்றும், சூடும் தாங்காது. இஸ்திரிப் பெட்டியை அதன் அருகிலும் கொண்டுபோக வேண்டாம்.

ஆட்டு உரோமமோ மீன் செதிலைப்போல் அடுக்கடுக்கான மேற்பரப்பு உடையது. சிந்திய நீர் அதன்மேல் சிறிது நேரம் முத்துமுத்தாய் நிற்கும், உடனே உட்புகாது. அந்தச் சில நிமிடங்களே நமக்குக் கிடைத்த தவணை. பழைய பருத்தித் துண்டொன்றை, வெள்ளையாயிருத்தல் நலம், நான்காக மடித்து அதன்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். நனைந்த பக்கத்தை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும்; நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கறை வட்டம் பெரிதாகும். தேய்க்கவே கூடாது. தேய்ப்பதால் இழையின் முறுக்கு அவிழ்கிறது. அவ்விடம் கறை நீங்கிய பின்னும் நரைத்தாற்போல் தெரியும். ஒற்றிய பின் குளிர்ந்த நீரைச் சிறிது தெளித்து மறுபடியும் ஒற்றுக. இவ்வளவையும் உடனே செய்தால் பாதிக்கு மேற்பட்ட கறைகள் இங்கேயே முடிந்துவிடும். மருந்தும் வேண்டா, மாயமும் வேண்டா.

வெறும் நீரின் ஆற்றலை நாம் எள்ளி நகைக்கிறோம். திருப்பலியின்போது திரு இரத்தம் சிந்திவிட்டால் செய்ய வேண்டியதாகத் திருச்சபையின் ஒழுங்கு கூறுவதும் இதுவே: சிந்திய இடத்தை நீரால் கழுவி, அந்நீரைச் சக்ரீஸ்துவில் அதற்கென்றே மண்ணுக்குள் இறங்குமாறு அமைத்த தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். அது வணக்கத்தின் பொருட்டு ஏற்பட்ட முறை என்பதை அறிவோம். ஆயினும் பீடத்துகில்களை நெடுங்காலம் துவைத்துவரும் கன்னியர் ஒருவரைக் கேட்டால், உடனே குளிர்ந்த நீர் பட்ட துகிலில் கறை தங்குவதில்லை என்றே கூறுவார்.

இனிக் காப்பி. நம் வீட்டுக் காப்பியில் இரு கறைகள் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. டிக்காக்ஷனில் துவர்ப்புப் பொருள்களும், கொட்டையை வறுக்கையில் உண்டாகும் பழுப்பு நிறப் பொருள்களும் உள்ளன. சிக்கரி கலந்த தூளானால் கருகிய சர்க்கரையும் சேரும். பாலில் புரதமும் கொழுப்பும் உண்டு. கொதிநீர் பட்டால் பாற்புரதம் முட்டை வெந்தாற்போல் இழையோடு இறுகும். கட்டிச் சோப்புப் பட்டால் துவர்ப்பு இன்னும் அழுத்தமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இல்லத்தரசியர் முதலில் நாடும் சுடுநீரும் சோப்புமே காப்பிக் கறைக்கு உரமிடுகின்றன. செய்ய வேண்டியது இது: ஒரு குவளைக் குளிர்ந்த நீரில், பாத்திரம் துலக்கும் நிறமற்ற திரவத்தைக் கால் தேக்கரண்டி மட்டும் கலந்து, துணியில் தோய்த்து ஒற்றுக, இது பாலின் கொழுப்பை எடுக்கும். வெறும் நீரால் மீண்டும் ஒற்றி அத்திரவத்தை நீக்குக. அதன்பின் வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு நீர் இரண்டு பங்கு கலந்து ஒற்றுக. இது டிக்காக்ஷனின் துவர்ப்பைத் தளர்த்தும். இறுதியில் மறுபடியும் நீர். கால் தேக்கரண்டி போதுமா என்று ஐயுற்று நுரை பொங்க ஊற்றுவோர் பலர். அந்நுரை கம்பளத்தின் அடியில் தங்கிப் பிசுபிசுத்து, வாரத்துக்குள் தெருப்புழுதி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அதுவே கறையாகும்.

கட்டந்தேநீருக்கும் இதுவே முறை. பாலில்லாததால் முதற்படியைச் சுருக்கலாம். ஆனால் தேநீரின் துவர்ப்புக்கு இரும்பு ஆகாது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்த்துக் கறுப்புச் சாயமும் மையும் செய்த முன்னோர் வழக்கம் முதியோர்க்கு நினைவிருக்கும். துருப்பிடித்த நாற்காலிக் காலோ இரும்புத் தட்டோ ஈரத் தேநீர்க் கறைமேல் நின்றால் அதே மை அங்கே பிறக்கும்.

பெட்டிக்கடையில் விற்கும் செந்நிறப் பானங்களும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கலக்கும் நிறச் சர்பத்துமே மிகக் கொடியவை. பெரியவர் இதை விளக்கியபோது நாம் வியந்தோம். ஆலையில் கம்பளிக்கும் நைலானுக்கும் சாயமேற்றத் தேவையானவை மூன்று: அமிலச் சாயம், சிறிது அமிலம், நீர். சர்பத்தில் கலக்கும் செந்நிறம் அத்தகைய சாயமே, புளிப்புக்காகச் சேர்க்கும் எலுமிச்சை உப்பு அமிலம், நீரும் இருக்கிறது. ஆதலால் நைலான் கம்பளத்தில் சர்பத்து சிந்தினால் அது கறைபடுதல் அன்று. முறைப்படி நடைபெறும் சாயமேற்றுதல். அதற்குச் சூடு மட்டுமே குறை. நாம் சுடுநீர் ஊற்றி அக்குறையையும் தீர்த்து வைக்கிறோம்! இங்கே வினிகரும் ஆகாது, அதுவும் அமிலமே. குளிர்ந்த நீராலும் துலக்கும் திரவத்தாலும் மட்டும் பலமுறை ஒற்ற வேண்டும்.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு டூபாண்ட் நிறுவனம் ‘ஸ்டெயின்மாஸ்டர்’ என்னும் கறை எதிர்க்கும் நைலான் கம்பளத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. சாயம் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் நைலான் இழையில் உண்டு. நிறமற்ற ஒரு பொருளால் அவ்விடங்களை முன்னதாகவே நிரப்பிவிடுவது அத்தகைய கம்பளங்களின் நுட்பம். கிருஷ்ணகிரிப் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம்மவர்க்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. காரமான சலவைச் சோடாவும் சூடும் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து எறிந்துவிடும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

திராட்சை இரசத்தின் கதை வேறு. எல்லைக்கு அப்பால் பெங்களூரைச் சுற்றி விளையும் நீலத் திராட்சையை வாங்கி, கிறிஸ்துமஸுக்கென்று பரணியில் இரசம் ஊறவைக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் உண்டு. அந்நிறம் புளிப்பில் சிவந்தும் காரத்தில் நீலம் பாய்ந்தும் தோன்றும். சோப்பிட்டதும் சிவப்பு நீலமாகக் கண்டு, கறை மாறிவிட்டது என்று மகிழ்வார்கள், மாறியது நிறமே. உப்பைக் கொட்டுவாரும் உண்டு. அது மேலே நின்ற ஈரத்தைச் சிறிது உறிஞ்சும், வேறொன்றும் செய்யாது. ஒற்றி, நீர் தெளித்து, வினிகர் நீரால் ஒற்றிய பின்னும் நிழல் தங்கினால், மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அதே அளவு நீருடன் கலந்து சில துளிகள் இடலாம். வெளிர் நிறக் கம்பளத்துக்கே இது ஏற்றது. அதிலும் கட்டிலுக்கடியில் மறையும் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்த பின்னரே. பிளீச்சிங் திரவத்தை ஆட்டு உரோமத்தின் அருகிலும் கொண்டு செல்லற்க. அதனோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு எழும். மூடிய அறையில் அது உயிருக்கே ஊறு. புரதக் கறையைக் கரைக்கும் நொதி சேர்ந்த சலவைத் தூள்களும் கம்பளிக்கு ஆகா. உரோமமும் புரதமே, நொதிக்குப் பாலென்றும் ஆடென்றும் வேற்றுமை தெரியாது.

மாம்பழச் சாற்றைக் கூறாமல் விட்டால் கிருஷ்ணகிரியார் பொறுக்க மாட்டார்கள். கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் மாங்கனியின் கூழ் இம்மாவட்டத்தின் பெருந்தொழில். அதன் மஞ்சள் நிறம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆதலால் கூழைக் கரண்டி முனையால் வழித்தெடுத்து, துலக்கும் திரவ நீரால் ஒற்றிய பின், வெயிலில் காட்ட வேண்டும். வெயில் அந்நிறத்தைத் தானே உண்டுவிடும். இருமலுக்குக் கொடுக்கும் மஞ்சள் பாலுக்கும் வெயிலே மருந்து. சோப்புப் பட்டவுடன் மஞ்சள் சிவந்து விடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி நீர் சிவக்கும் அதே செயல் அது. ராகி மால்ட்டானால் அவசரமே வேண்டாம். ஒற்றிவிட்டு நன்றாய் உலர விட்டு, உதிர்த்துத் துடைத்து, மிச்சத்தை நீரால் எடுக்கலாம்.

எந்த நீரால் என்பதும் கேள்வியே. இவ்வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் உப்பு நீர் மிகுதி. கடின நீரில் சோப்பு நுரைக்காது. வெண்ணிறப் படலமாய்த் திரிந்து இழைகளில் படியும். புளோரைடின் கொடுமையைத் தீர்க்க 2013-ஆம் ஆண்டு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வரும் வீடுகளில், இறுதியாய் ஒற்றுவதற்கு அந்நீரில் ஒரு குவளை எடுத்துக்கொண்டால் போதும். வராத வீடுகளில் மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நன்று.

கறை நீங்கிவிட்டது என்று மகிழ்ந்து உறங்கி, காலையில் அதே இடத்தில் அதே பழுப்பு வட்டத்தைக் கண்டு திகைத்தோர் பலர். பேய் வேலை என்றே கூறினார் ஒரு பாட்டி. மேலே தெரியும் கறை ஒரு பங்கென்றால், கம்பளத்தின் அடித்துணியில் இறங்கி நின்றது இரு பங்காகவும் இருக்கலாம். மேற்புறம் உலர உலர, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அடியிலுள்ளது இழைவழியே மேலேறி நுனியில் வந்து நிற்கிறது. இதற்கு மருந்திடுவது வீண். பாரம் வைப்பதே வழி. ஒற்றி முடித்த இடத்தின்மேல் உலர்ந்த வெள்ளைத் துண்டுகளை அரைச்சாண் உயரம் அடுக்கி, அதன்மேல் நெகிழித்தாள் ஒன்றை விரித்து, அரிசி நிறைத்த பானையையோ அம்மிக் குழவியையோ வைத்துவிட்டு உறங்கப் போகலாம். இரவெல்லாம் மேலேறும் ஈரம் இழை நுனியில் நில்லாமல் துண்டுக்குள் போய்ச் சேரும். ஆடி, ஆவணிச் சாரலில் ஓசூரில் எதுவும் எளிதில் உலராது. ஆகவே அக்காலத்தில் நடு இரவில் ஒருமுறை எழுந்து நனைந்த துண்டுகளை மாற்றிவிடுதல் நலம். விடிந்ததும் பாரத்தை இறக்கி, கம்பளத்தின் அந்த ஓரத்தை ஒரு பலகையின்மேல் தூக்கி வைத்து, அடியில் காற்றுப் புகுமாறு மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும்.